பிரசவ அறையில் உங்களிடம் யாராவது பேசினார்களா?

கல்லிடைப் பொண்ணு

பிள்ளை தவழ ஆரம்பித்துவிட்டாள், கையில் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது, அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரசவம் எப்படி இருக்கும் என்று நம்ம பக்கம் யாரைக் கேட்டாலும் இரண்டில் ஒரு பதில்தான். ‘நேரம் வந்தா தன்னால ஆயிரும்ட்டி, நீ பயப்படாத’ என்பார்கள். இல்லையென்றால் ‘நான் பட்ட பாடு எம் பகையாளிக்கும் வரக்கூடாது’ என்று ஆரம்பித்து, பக்கத்தில் யாராவது கண்ணைக் காட்டியதும் பாதியில் நிறுத்திவிடுவார்கள். உள்ளே என்னதான் நடக்கும் என்பதை என் வளைகாப்புக்கு வந்த அத்தனை பொம்பளைகளில் ஒருத்தர் சொல்லவில்லை. வளையல் போட்டார்கள், சந்தனம் தடவினார்கள், புளிசாதமும் தயிர்சாதமும் சாப்பிட்டார்கள், போனார்கள்.

டாக்டர் சொன்ன தேதி தாண்டிவிட்டது. அந்தத் தேதியிலேயே பிறக்கும் பிள்ளைகள் நூற்றுக்கு நாலைந்துதானாம், ஆனால் தாண்டிய மறுநாளே ‘என்ன, இன்னுமா இல்ல?’ என்று போன் மேல் போன். வலி ஒரு ராத்திரியில் ஆரம்பித்தது. வயிற்றில் இல்லை, பின்னால் இடுப்பில். அங்கே பிடித்து, பெல்ட்டை இறுக்குவது போல முன்பக்கம் சுற்றி வந்து, விட்டுவிடும். அம்மா ‘சூட்டு வலியா இருக்கும்’ என்று சீரகத்தை வறுத்துக் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். சூட்டு வலி என்றால் கொஞ்சம் நடந்தாலோ படுத்தாலோ அடங்கிவிடும். இது அடங்கவில்லை, இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. விடியும்போது ரத்தம் கலந்த சளி மாதிரி பட்டதும் அம்மாவுக்கே தெரிந்துவிட்டது. முக்கூடலில் இருந்து அத்தை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டார்கள். அத்தை பீடி சுற்றுகிறவர்கள், தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு அப்படியே கிளம்பி வந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் திருப்பூரில், அவர் வந்து சேரும் முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது.

எந்த ஆஸ்பத்திரி என்று யாரும் கேட்காதீர்கள். அரசா தனியாரா என்றுகூடச் சொல்லப்போவதில்லை.

போனதும் பார்த்தார்கள், கர்ப்பப்பை வாய் இரண்டு சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள், படுக்கச் சொன்னார்கள். கையில் ட்ரிப் ஏற்றினார்கள். அது சத்துக்குப் போடும் குளுக்கோஸ் என்று நினைத்துப் படுத்திருந்தேன். அது வலியைக் கூட்டும் மருந்து என்பது வலி கூடிய பிறகு பக்கத்துக் கட்டில் அக்கா சொல்லித்தான் தெரியும். தண்ணீர் குடிக்கக்கூடாது, எழுந்து நடக்கக்கூடாது. மணிக்கணக்காய்ப் படுத்தே கிடக்க, யாராவது வருவார்கள், கையுறை போடுவார்கள், உள்ளே கைவிட்டுப் பார்ப்பார்கள், எழுதுவார்கள், போவார்கள். ஒவ்வொரு தடவையும் வேறு ஆள். ‘எவ்வளவு இருக்கு மேடம்?’ என்று கேட்டால் ‘பேசாம படும்மா’. சத்தம் போட்டால் அதற்கும் ஒரு பேச்சு, அதை இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை, கேட்டவர்களுக்குத் தெரியும்.

ராத்திரி டூட்டிக்கு ஒரு சின்ன வயது நர்ஸ் வந்தார்கள். வந்ததும் திரையை இழுத்துவிட்டார்கள். கையைப் பிடித்துக்கொண்டு, ‘அக்கா, இப்ப நாலு சென்டிமீட்டர் திறந்திருக்கு, பத்து ஆகணும், நேரமாகும். ஒரு வலி வந்தா ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கிரும், ஒரு நிமிஷந்தான். ஏறும்போது மூச்சை மெதுவா வெளிய விடுங்க. கத்தணும்னா கத்துங்க’ என்றார்கள். அவ்வளவுதான் சொன்னது. அதே கட்டில், அதே ட்ரிப், வலி இன்னும் கூடத்தான் செய்தது, ஆனால் எனக்குத் தாங்க முடிந்தது. இது எங்கே போகிறது, எப்போது இறங்கும் என்று தெரிந்துவிட்டால் உடம்பு வேறு மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு வலிக்கும் ‘ஏறுது, ஏறுது… இந்தா இறங்குது பாருங்க’ என்பார்கள். காலையில் டூட்டி மாறியது, அவர்கள் போய்விட்டார்கள்.

அப்புறம் வந்தவர்கள் பனிக்குடத்தை உடைத்துவிட்டார்கள். வெதுவெதுவென்று தண்ணீர் போனது. கொஞ்ச நேரத்தில் எனக்குக் கக்கூஸ் வருகிற மாதிரி முட்டியது, எழுந்து போகவேண்டும் என்று அழுதேன், ஆயாம்மா சிரித்துக்கொண்டே ‘ஏ பிள்ள, அது கக்கூஸ் இல்ல, உம் பிள்ளை தல’ என்றார்கள். பிறகு முக்கு, முக்கு என்று நாலு பக்கமும் சத்தம். ஒருத்தர் மேலே நின்று வயிற்றை இரண்டு கையாலும் கீழே அமுக்கினார்கள், அந்த நேரம் உயிர் போய்த்தான் வந்தது. சுருக்கென்று ஏதோ கீழே பட்டது, கத்தரியால் வெட்டியிருக்கிறார்கள் என்று தையல் போடும்போதுதான் புரிந்தது. பிள்ளை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது, அழவில்லை. ‘கொடி சுத்திருக்கு’ என்று ஒரு குரல். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் பேசவில்லை. முதுகைத் தேய்த்தார்கள் போல, அப்புறம் அழுதாள்.

பிள்ளையைப் பார்த்ததும் எல்லா வலியும் மறந்துவிட்டது என்று எழுதுவார்கள் இல்லையா, எனக்கு அப்படி எதுவும் வரவில்லை. குளிர்ந்து நடுங்கியது, பல் கிட்டியது, சாகப்போகிறேன் என்றே நினைத்தேன். பல பேருக்குப் பிள்ளை பிறந்ததும் அந்த நடுக்கம் வருமாம், சற்று நேரத்தில் தானாக அடங்குமாம். அந்த அறையில் இருந்த ஆறு பேருக்கும் அது தெரிந்திருக்கும். ஒருத்தர் சொல்லியிருக்கலாம்.

நான் கேட்பது இதுதான். உங்களுக்கு நடந்தபோது, என்ன செய்கிறோம் என்று உங்களிடம் யாராவது சொன்னார்களா?

ஜங்ஷன்_ராஜா

எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் சொல்லுங்க சிஸ்டர், வேற ஒண்ணும் வேண்டாம்.

கல்லிடைப் பொண்ணு

முதல் ஆளாக வந்து கேட்டாயிற்றா.

தென்காசிச் சாரல்

எனக்குச் சொன்னார்கள், ஆனால் ஆபரேஷன் தியேட்டரில்.

முதலில் எல்லாம் உங்களுக்கு நடந்த மாதிரிதான். ஏழு சென்டிமீட்டர் வரை வந்து, பனிக்குடம் உடைந்து, தண்ணீர் பச்சையாக வந்தது. பிள்ளை உள்ளேயே மலம் போய்விட்டால் அந்த நிறம் வரும். இருதயத் துடிப்பு நிமிடத்துக்கு 110-லிருந்து 160 வரை இருக்கவேண்டுமாம், என் மகனுக்கு 110-க்குக் கீழே இறங்கி மேலே வராமல் நின்றது. அதற்கப்புறம் எல்லாரும் ஓடினார்கள். முதுகில் ஊசி போட்ட மயக்க டாக்டர் என் தலைமாட்டில் உட்கார்ந்து கடைசி வரை பேசிக்கொண்டே இருந்தார். ‘இப்ப தொடுறது தெரியும், வலி தெரியாது. இப்ப நெஞ்சுக்குக் கீழ அமுக்குற மாதிரி இருக்கும், பிள்ளையை எடுக்கிறாங்க.’ அவர் சொன்ன வரிசையிலேயே நடந்தது, எனக்குப் பயமே இல்லை.

பயமெல்லாம் வார்டுக்கு வந்த பிறகுதான். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் பழம் வைத்த கையோடு ‘கடைசில கத்திதானா?’ என்றார்கள். என் பெரிய மைனி ‘வலி தாங்காம அவளே கேட்டிருப்பா’ என்று வராண்டாவில் சொன்னது எனக்குக் கட்டில் வரை கேட்டது. ஏழு சென்டிமீட்டர் வரை நான் என்ன ஊஞ்சலா ஆடினேன்?

தேவையில்லாமல் வெட்டுகிறார்கள் என்ற பேச்சில் உண்மை இல்லை என்று சொல்ல வரவில்லை. 2019–21-இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் 45 சிசேரியன், தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் பார்த்தால் 64, அரசில் 36. இவ்வளவு பேருக்கும் பச்சைத் தண்ணீர் வந்திருக்குமா என்று கேட்டால் வந்திருக்காது. ஆனால் அந்தக் கேள்வியை ஆஸ்பத்திரியிடம் கேளுங்கள், தையலோடு படுத்திருக்கிறவளிடம் கேட்காதீர்கள்.

வண்ணார்பேட்டை_வாசி

எல்லாம் சரிங்க. நம்ம அம்மா, ஆச்சி எல்லாம் ஆறு ஏழு என்று பெற்றார்கள், காலையில் பெற்றுவிட்டுச் சாயங்காலம் வயலுக்குப் போனார்கள். இன்றைக்குள்ள பிள்ளைகளுக்கு உடம்பில் வேலை கிடையாது, போனில் படித்துப் படித்துப் பயத்தை வளர்த்துக்கொள்கிறார்கள். தப்பாக நினைக்கவேண்டாம்.

ஆழ்வார்குறிச்சி ஆச்சி

(ஆச்சி சொல்ல சொல்ல நான் அடிக்கிறேன். பேரன்.)

தம்பி, நான் நாற்று நட்டவள்தான், பிள்ளை பெற்ற ஒரு மாசத்துக்குள் வயலில் இறங்கினேன். நட்டதனால்தான் கர்ப்பப்பை கீழே இறங்கி, இருமினால் மூத்திரம் போகிற நிலைமையில் இருபது வருஷம் கிடந்தேன், யாரிடமும் சொல்ல வெட்கம். கடைசியில் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். உங்க அம்மையிடமும் கேட்டுப் பாரும், உம்மிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

அந்தப் பிள்ளை கேட்டதற்கு வாரேன். என் மூத்தவன் வீட்டில் பிறந்தான். எங்க தெருவுக்கு ஒரு மருத்துவச்சி உண்டு, படிப்பு கிடையாது, வாய் மட்டும் ஓயாது. உத்தரத்தில் கயிறு கட்டி, அதைப் பிடித்துக் குத்தவைக்கச் சொல்வாள். ‘இப்ப முக்காத, மூச்ச விடு, இப்ப முக்கு, தலை தெரியுது, முடி நெறைய இருக்கு’ என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே இருப்பாள். ஊர்க்கதை, என் மாமியார் கதை, எல்லாம் நடுவில் வரும். வலியோடு சிரித்திருக்கிறேன்.

ஆனால் அதே மருத்துவச்சி பார்த்த அடுத்த தெருப் பிள்ளைக்கு நஞ்சுக்கொடி வெளியே வரவில்லை, ரத்தம் நிற்கவில்லை. வாடகைக் கார் பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்னால் முடிந்துபோச்சு. அதனால் அந்தக் காலம் நல்ல காலம் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டாவது பிள்ளையை ஆஸ்பத்திரியில்தான் பெற்றேன். அங்கே யாரும் பேசவில்லை.

வண்ணார்பேட்டை_வாசி

மன்னிக்கணும் ஆச்சி.

சிஸ்டர்_லேபர்வார்டு

நான் ஸ்டாப் நர்ஸ். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தாலுகா ஆஸ்பத்திரியிலும் இருந்திருக்கிறேன். இந்த இழையைப் படித்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை.

முதலில் எங்கள் பக்கம். ராத்திரியில் ஒரே நேரத்தில் மூன்று பேர் வலியில் இருப்பார்கள், ஒரு நர்ஸ், ஒரு ஆயாம்மா. ஒருத்திக்குத் தலை தெரியும், இன்னொருத்திக்கு பிரஷர் ஏறும், மூன்றாமவள் வீட்டிலிருந்து இருபது பேர் வாசலில் நின்று என்ன ஆச்சு என்று கதவைத் தட்டுவார்கள். அதில் குரல் உயர்ந்துவிடுகிறது. அதைச் சரி என்று சொல்லவில்லை, எப்படி வருகிறது என்று சொன்னேன்.

இனி கல்லிடை தங்கச்சி எழுதியதற்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பிரசவ வழிகாட்டுதலின்படி ஐந்து சென்டிமீட்டர் திறந்தபிறகுதான் வேகமான கட்டம் ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு அளவு கிடையாது, ஆளுக்கு ஆள் மாறும், தலைச்சன் பிள்ளை என்றால் இழுக்கும். ஐந்துக்குப் பிறகும் முதல் பிரசவத்தில் பன்னிரண்டு மணி நேரம் வரை போகலாம், முழுதாகத் திறந்தபின் முக்குவதற்கு மூன்று மணி நேரம் வரை ஆகலாம். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கவில்லை என்பதை மட்டும் வைத்து ட்ரிப்போ ஆபரேஷனோ என்று போகக்கூடாது. தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தால் காத்திருக்கலாம், பிள்ளையின் துடிப்பைக் கேட்டுக்கொண்டே காத்திருக்கவேண்டும். இரண்டு சென்டிமீட்டரில் ட்ரிப் போட்டார்களே, பனிக்குடம் உடைந்து வெகுநேரம் ஆவது, பிரஷர், தேதி அதிகம் தாண்டுவது என்று அதற்குச் சில காரணங்கள் உண்டு, உங்களுக்கு என்ன காரணம் என்று எனக்குத் தெரியாது. எதுவானாலும் சொல்லிவிட்டுத்தான் போட்டிருக்கவேண்டும்.

மேலிருந்து வயிற்றை அமுக்குவதை அதே வழிகாட்டுதல் வேண்டாம் என்கிறது. எல்லாருக்கும் வழக்கமாக வெட்டுப் போடுவதையும் வேண்டாம் என்கிறது, தேவைப்பட்டால் மட்டும், மரத்துப்போக ஊசி போட்டு, கேட்டுவிட்டு. பெரிய சிக்கல் எதிர்பார்க்காத தாய் தண்ணீர் குடிக்கலாம், லேசாகச் சாப்பிடலாம், நடக்கலாம், உட்காரலாம், தனக்குத் தோதான நிலையில் இருக்கலாம். படுத்தே கிடக்கவேண்டும் என்பது எங்கள் வசதிக்கு.

கொடி சுற்றுவது நாலைந்து பிள்ளைகளில் ஒன்றுக்கு இருக்கும். பெரும்பாலும் தலை வந்ததும் விரலால் விலக்கிவிடுவோம், ஒன்றும் ஆகாது. பிள்ளை அழாவிட்டால் துடைத்து முதுகைத் தேய்ப்போம், அப்போதும் இல்லையென்றால் ஒரு நிமிடத்துக்குள் பையை வைத்து மூச்சுக் கொடுப்போம். அந்த நேரம் எங்களுக்கும் வாய் வராது, கவனமெல்லாம் பிள்ளை மேல் இருக்கும். உங்களைச் சட்டை செய்யாததால் இல்லை, இதை மட்டும் நம்புங்கள்.

ஆச்சி சொன்ன ரத்தப்போக்குக்குத்தான் இன்றைக்குப் பிள்ளை பிறந்ததுமே தாய்க்குத் தொடையில் ஆக்சிடோசின் 10 யூனிட் ஊசி போடுகிறோம். வலியைக் கூட்ட ட்ரிப்பில் போடுவதும் அதே மருந்துதான். கர்ப்பப்பை சுருங்கி ரத்தம் நிற்கும். ‘இன்னும் எதுக்கு ஊசி’ என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. கோபப்பட்டாலும் பரவாயில்லை, போட்டுக்கொள்ளுங்கள்.

மேலப்பாளையம்_மும்தாஜ்

சிஸ்டர், அன்றைக்கு என் வார்டில் நீங்கள் இருந்திருக்கக்கூடாதா.

திசையன்விளைக்காரி

பிரசவத்துக்குப் பிறகு என்ன என்று யாரும் எழுதவில்லையே. எனக்கு அறையில் நடந்ததை விட வீட்டில் நடந்ததுதான் பெரிய கதை.

பால் மூன்றாம் நாள்தான் கட்டியது. அதற்குள் ‘பால் இல்ல, பவுடர் வாங்கு’ என்று ஒரு கூட்டம். முதலில் வருகிற மஞ்சள் சீம்பால் ஸ்பூன் கணக்கில்தான் இருக்கும், பிறந்த பிள்ளையின் வயிறும் அவ்வளவுதான். அடிக்கடி வாயில் வைக்க வைக்கத்தான் பால் ஊறும். இதைச் சொன்னது ஆஸ்பத்திரியில் துணி மடித்துக்கொண்டிருந்த ஆயாம்மா.

எங்க வீட்டில் சேனை வைக்கவேண்டும் என்று பெரிய மாமா தேன் பாட்டிலோடு வந்துவிட்டார். அவர் குணம் பிள்ளைக்கு வரவேண்டுமாம் (அந்தக் குணம் வேண்டாம் என்று நான் வேண்டியது தனி). தேன் ஒரு வயது வரை பிள்ளைக்கு ஆகாது, அதில் இருக்கக்கூடிய கிருமி பிள்ளையின் நரம்பைப் பாதிக்கும் என்று டாக்டர் கறாராகச் சொன்னார். மாமாவுக்கு வருத்தம். கடைசியில் பிள்ளையின் உள்ளங்காலில் தொட்டு வைத்துவிட்டுப் போனார், அதோடு சரி.

சாப்பாட்டில் எங்க பக்கம் குறை கிடையாது. உளுந்தங்களி, உடன்குடி கருப்பட்டி, நல்லெண்ணெய் குழி நிறைய. பால் சுறா புட்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள், பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. நாட்டு மருந்துக் கடையில் பேறுகால மருந்து வாங்கி இடித்து கருப்பட்டி போட்டுக் கிண்டினார்கள். எல்லாம் பிடித்தது. பிடிக்காத ஒன்று, தண்ணீர் குடிக்க விடமாட்டேன் என்றது. ‘வயிறு வச்சிரும், புண்ணு ஆறாது’ என்று நாளைக்கு இரண்டு டம்ளர். சித்திரை வெயிலில். மூத்திரம் எரிந்து, மலச்சிக்கல் வந்து, தையல் போட்ட இடத்தில் அது என்ன பாடு என்று சொல்லவேண்டுமா?

சிஸ்டர்_லேபர்வார்டு

தண்ணீர் தாராளமாகக் குடிக்கவேண்டும், பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் கூடத்தான் செய்யும். களி, புட்டு, கீரை எல்லாம் நல்லது. வசம்பை உரைத்துப் பிள்ளை வாயில் வைப்பதும் வேண்டாம். பிறந்த பிள்ளைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம்.

ஜங்ஷன்_ராஜா

ஆண்கள் பக்கமும் ஒரு வார்த்தை. நான் வெளியே வராண்டாவில்தான் நின்றேன். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்பது, யாரோ வந்து ‘ரத்தம் ஒரு யூனிட் ஏற்பாடு பண்ணுங்க’, ‘இதுல கையெழுத்துப் போடுங்க’ என்பது, போய்விடுவது. எதற்குக் கையெழுத்து என்று கேட்டால் ‘எல்லாரும் போடுறதுதான் சார்’. போட்டேன். உள்ளே அவள் கத்துவது கேட்டது, கேட்காமல் போனபோது இன்னும் பயமாக இருந்தது. என்னையும் உள்ளே விட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பேனோ என்னவோ, ஆனால் கேட்கவே இல்லையே ஒருத்தரும்.

சேரன்மாதேவி_ரோட்டோரம்

2023 டிசம்பர் 17, 18 மழை நினைவிருக்கும். எனக்கு அப்போது ஒன்பதாம் மாதம். தாமிரபரணி எங்கே முடிகிறது, ரோடு எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. கரண்டு போய், டவர் போய், 108-க்கு அடிக்கவும் வழியில்லை. நல்லவேளை வலி வரவில்லை. தண்ணீர் வடிந்ததும் முதல் வேலையாக என்னைப் பாளையங்கோட்டையில் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள், பிள்ளை பிறக்கும் வரை அங்கேதான் இருந்தேன். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் தேதி சொல்லியிருந்தால், ஆற்றங்கரை ஊர் என்றால், கடைசி வாரங்களில் ஆஸ்பத்திரிக்குப் பக்கமாகப் போய் இருந்துவிடுங்கள். தாய் வீட்டில்தான் தலைப்பிரசவம் என்று முறை பேசுவார்கள், ஆற்றுக்கு முறை தெரியாது.

கேள்விக்குப் பதில், இல்லை. என்னிடமும் யாரும் பேசவில்லை.

நாங்குநேரி_மருமகள்

எனக்கு எட்டாம் மாதம். படிக்கப் படிக்க ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் தைரியம். அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறேன். கர்ப்பத்தை அரசில் பதிகிற பிக்மி நம்பர் போட்டாயிற்று, கர்ப்பிணிகளுக்கு அரசு பணம் கொடுக்கும் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் முதல் தவணை வந்துவிட்டது. அதில் கொடுக்கும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் வந்த பேரீச்சம்பழம் முழுக்க என் வீட்டுக்காரர் தின்றுவிட்டார். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 9.5தான் இருக்கிறது என்று இரும்புச்சத்து ஊசி போடுகிறார்கள். உள்ளே துணைக்கு ஆள் விடுவார்களா? கேட்டால் கோபப்படுவார்களா?

சிஸ்டர்_லேபர்வார்டு

விடவேண்டும். தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத் துணையாக ஒரு பெண்ணை உள்ளே விடும் வழக்கம் உண்டு. மத்திய அரசின் ‘லக்ஷ்யா’ திட்டம் என்று 2017-இல் வந்தது, பிரசவ அறையைச் சீராக்குவதற்கானது, அதிலும் துணைக்கு ஆள், கட்டிலுக்குத் திரை, மரியாதையாகப் பேசுவது எல்லாம் எழுதியிருக்கிறது. வலி வந்தபிறகு வாசலில் நின்று வாதாடவேண்டாம். இப்போதே செக்கப்புக்குப் போகும்போது ‘துணைக்கு யாரைக் கூட்டிட்டு வரலாம்?’ என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

வருகிறவர் வெற்றிலை, புகையிலை போடாதவராக இருக்கட்டும், சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கட்டும், பிள்ளை பெற்ற அனுபவம் உள்ளவராக இருந்தால் நல்லது. பழைய பருத்தித் துணி துவைத்து வெயிலில் காயவைத்தது நாலைந்து, முன்பக்கம் திறக்கிற நைட்டி, பிள்ளைக்குத் தொப்பி, ஸ்கேன் பேப்பர் எல்லாம், ஆதார், பாஸ்புக். பிளாஸ்க்கில் வெந்நீர். உங்கள் ரத்த வகை என்னவென்று வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும். 9.5-ஐப் பிரசவத்துக்குள் 11-க்குக் கொண்டுவரப் பாருங்கள், ஊசியை ஒன்றுகூட விடாதீர்கள். வீட்டுக்குத் திரும்ப 102 வண்டி இலவசம், ஆட்டோவுக்குக் காசு கொடுக்காதீர்கள். பிறப்புப் பதிவு 21 நாளுக்குள்.

தண்ணீர் உடைந்தால், வலி இல்லாவிட்டாலும் கிளம்பிவிடுங்கள். பச்சையாக இருந்தால், ரத்தம் போனால், பிள்ளை அசைவு குறைந்தால், கண் மங்கி தலைவலி வந்தால், கஷாயம் வைத்துக்கொண்டு நிற்காமல் 108.

நாங்குநேரி_மருமகள்

நன்றி சிஸ்டர். அம்மாவுக்கு மூட்டு வலி, ராத்திரி முழுக்க நிற்கமாட்டாள், அதோடு நான் அழுதால் எனக்கு முன்னால் அழுவாள். அப்போ மாமியாரைக் கூட்டிப்போகவா? எங்களுக்குள் அவ்வளவு பேச்சுவார்த்தை கிடையாது. அவர்கள் பாட்டுக்கு யாரோடாவது பேசிக்கொண்டே இருப்பார்கள், தெருவே அறியும்.

ஆழ்வார்குறிச்சி ஆச்சி

அவளைக் கூட்டிட்டுப் போ.

கல்லிடைப் பொண்ணு

ஆச்சி சொல்வதுதான். எங்க அத்தையை உள்ளே விட்டிருந்தால் ட்ரிப்பில் என்ன மருந்து என்று முதல் நிமிடமே கேட்டிருப்பார்கள். உங்களுக்கு ஆனதும் இங்கே வந்து எழுதுங்கள், விடவில்லை என்றாலும் எழுதுங்கள்.